யூனிஃபார்ம் வாங்க காசு பத்தலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கூல் திறக்கிற மாசம் வந்தா என்கிட்ட வர்ற கேள்வியெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்கு. எனக்கு மூணு புள்ளைங்க, பதினாறு வருஷமா யூனிஃபார்ம் வாங்கறது, பிரிச்சுத் தைக்கறது, இல்லாதப்போ கேட்டு வாங்கறது, இருக்கறப்போ குடுக்கறதுன்னே ஓடியிருக்கு, நடுவுல தெரிஞ்சவங்க பல பேருக்கு உதவித்தொகை அப்ளிகேஷனும் எழுதிக் குடுத்திருக்கேன். அதுல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன். வேற எதையும் படிக்க நேரம் இல்லன்னா இது ஒண்ணை மட்டும் எடுத்துக்கோங்க: கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்கூல் ஆஃபீஸ்ல போய் கேளுங்க. எல்லாத்தையும் வாங்கிட்டு அப்புறம் கேட்டா, கிடைக்க வேண்டிய உதவியில பாதி கையை விட்டுப் போயிருக்கும்.

உதவின்னு போய் நிக்கவே கூச்சமா இருக்கு. எப்படி கேக்கறது?

இந்தக் கேள்வியை மொதல்ல வைக்கக் காரணம், மத்த எல்லாமே இதுக்கு அப்புறம்தான் வருது. 1552ல லண்டன்ல கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்னு ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. பேரைப் பார்த்து ஆஸ்பத்திரின்னு நெனைச்சுடாதீங்க, அப்பா அம்மா இல்லாத புள்ளைங்க, ஏழை வீட்டுப் புள்ளைங்களை சேர்த்துக்கிட்ட இடம் அது. அங்க குடுத்த நீளமான நீலக் கோட்டும் மஞ்சள் சாக்ஸும்தான் ஸ்கூல் யூனிஃபார்ம்கறதோட ரொம்பப் பழைய கதை. அதாவது துணி இல்லாத புள்ளைக்கு ஊர் சேர்ந்து போட்டுவிட்ட துணியாதான் இந்த வழக்கம் ஆரம்பிச்சிருக்கு. அந்த ஸ்கூல் பிற்பாடு ஊர் மாறிப் போனாலும் யூனிஃபார்மை இன்னைக்கும் புள்ளைங்களுக்கு இலவசமாதான் குடுக்கறாங்க.

அதனால நீங்க கேட்கறது புதுசா எதுவும் இல்ல. ஆஃபீஸ்ல இருக்கறவங்களுக்கு இது வருஷா வருஷம் வர்ற கேள்வி. நேர்ல பேச வாய் வரலன்னா லெட்டரா எழுதிக் குடுங்க, மாதிரி லெட்டர் கீழ இருக்கு.

எத்தனை செட் வாங்கினா போதும்?

கடைக்காரர் அஞ்சு சொல்லுவார், ஸ்கூல் லிஸ்ட்ல மூணு இருக்கும், உண்மையில எத்தனை வேணும்னு உங்க வீட்டுத் துவைக்கிற வழக்கம்தான் சொல்லும். தினமும் சாயங்காலம் அலசிப் போட்டா விடியறதுக்குள்ள காயற வீடுன்னா ரெண்டு சட்டையே ஓட்டிடும். வாரத்துக்கு ரெண்டு தடவைதான் துவைக்க முடியும்னா மூணு சட்டை வேணும். பேன்ட்டும் பாவாடையும் சட்டை மாதிரி தினமும் வேர்வையில ஊறாது, அதனால ரெண்டு போதும். சட்டை மூணு, கீழ ரெண்டு, இதுதான் நான் யார் கேட்டாலும் சொல்ற கணக்கு.

இன்னொண்ணு, எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்காதீங்க. மொத நாளைக்கு ஒரு செட், ஒரு மாசம் கழிச்சு மிச்சம். அந்த ஒரு மாசத்துல சைஸ் சரியா இருக்கா, துணி சாயம் போகுதா, லிஸ்ட்ல இருக்கற எதை ஸ்கூல்ல நெஜமாவே கேக்கறாங்க எதைக் கண்டுக்கறதே இல்லன்னு எல்லாம் தெரிஞ்சுடும். என் மூத்தவளுக்கு லிஸ்ட்ல இருந்த பிளேஸர் வாங்கினேன், மூணு வருஷத்துல அவ அதைப் போட்டது ரெண்டே தடவை, ரெண்டும் குரூப் ஃபோட்டோவுக்கு.

ஸ்கூல் முத்திரை போட்டதைத்தான் வாங்கணும்னு சொல்றாங்களே?

செலவு ஏர்றதே இந்த இடத்துலதான். வெள்ளைச் சட்டை எங்கயும் கிடைக்கும், அதே சட்டையில பாக்கெட் மேல லோகோ வந்துட்டா ஒரே ஒரு கடைதான் விக்கும், அவங்க சொன்னதுதான் விலை. இங்கிலாந்துல இதுக்குன்னே 2021ல ஒரு சட்டம் போட்டாங்க, அதன்படி வந்த வழிகாட்டுதல்ல லோகோ போட்ட ஐட்டத்தை ரொம்பக் குறைச்சுக்கணும், ஒருத்தர் போட்ட யூனிஃபார்மை இன்னொருத்தர் வாங்கிக்கறதுக்கு ஸ்கூலே வழி பண்ணணும்னு எழுதியிருக்காங்க.

உங்க நாட்டுல அப்படி சட்டம் இல்லன்னாலும் கேக்கறதுக்கு யாரும் தடை போடல. “லோகோ பேட்ஜை மட்டும் தனியா குடுப்பீங்களா, சாதா சட்டையில நாங்களே தைச்சுக்கறோம்”னு கேளுங்க. நான் பார்த்த வரைக்கும் ஒரு அம்மா தனியா போய் கேட்டா யோசிச்சு சொல்றோம்னு அனுப்பிடுவாங்க, பத்து பேர் கையெழுத்துப் போட்டு பெற்றோர் கூட்டத்துல குடுத்தா அங்கயே பதில் வந்துடும்.

லிஸ்ட் வாங்கறப்போ ஸ்போர்ட்ஸ் டிரஸ், ஹவுஸ் கலர் டீ-ஷர்ட், வெள்ளை ஷூ, ஆண்டு விழா டிரஸ்னு பின்னாடி வர்றதையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கோங்க. மொத மாசத்துக்கு எல்லாரும் எப்படியோ தயாராகிடறாங்க, மூணாவது மாசம் திடீர்னு நாளைக்கே மஞ்சள் டீ-ஷர்ட் வேணும்னு டைரியில எழுதி வர்றப்போதான் வீட்ல காசு இருக்கறதில்ல.

எந்தத் துணி ரொம்ப நாள் உழைக்கும்?

பாலியஸ்டரும் காட்டனும் கலந்ததுதான், டெரிகாட்டன்னு சொல்லுவோமே அதுதான். அயர்ன் பெருசா வேணாம், சீக்கிரம் காயும், கிழியாது. முழுக்க பாலியஸ்டர்னா விலை கம்மி, ஆனா வேர்த்து நாறும், புள்ளைக்கு அரிக்கும், கொஞ்ச நாள்ல குட்டி குட்டியா உருண்டை வந்துடும். முழு காட்டன் உடம்புக்கு நல்லது, ஆனா சுருங்கும், அதனால தைக்கக் குடுக்கறதுக்கு முன்னாடி துணியை ஒரு ராத்திரி தண்ணில ஊறப்போட்டு காயவச்சுக் குடுங்க. கலர் துணியை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி நிழல்ல காயப்போட்டா சாயம் தாங்கும். வெள்ளைச் சட்டையில பாலியஸ்டர் இருந்தா குளோரின் பிளீச் போடாதீங்க, வெள்ளையாகறதுக்குப் பதிலா மஞ்சளாகிடும், நான் ரெண்டு சட்டையைப் பாழாக்கித்தான் இதைக் கத்துக்கிட்டேன்.

புள்ள மளமளன்னு வளர்றான். ஒரே யூனிஃபார்மை ரெண்டு வருஷம் ஓட்ட முடியுமா?

முடியும், ஆனா அதைத் தைக்கிற அன்னைக்கே யோசிக்கணும். டெய்லர்கிட்ட குடுக்கறப்போ பேன்ட் கால்லயும் பாவாடை ஓரத்துலயும் மூணு இஞ்ச் மடிப்பு உள்ள விடச் சொல்லுங்க, இடுப்புப் பக்கம் தையலுக்கு உள்ள ஒரு இஞ்ச் துணி விடச் சொல்லுங்க, கால்பரீட்சை லீவு வர்றப்போ பிரிச்சு இறக்கிக்கலாம். ரெடிமேடா வாங்கறீங்கன்னா உள்பக்கம் திருப்பி மடிப்பு எவ்வளவு இருக்குன்னு பாருங்க, ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடிச்சிருந்தா அது ஒரு வருஷத்துக்கு மேல வராது.

தோள்பட்டை மட்டும் இப்பவே சரியா உக்காரணும். தோள் பெருசா வாங்கிட்டா அதைப் பின்னாடி சின்னதாக்கறது டெய்லருக்கே தலைவலி, புள்ளையும் தொளதொளன்னு தெரிவான். நீளம் கூட இருக்கலாம், மடிச்சுக்கலாம். முட்டிக்கு உள்பக்கம் அதே கலர்ல ஒரு துண்டு வச்சுத் தைச்சுட்டா விளையாடுற புள்ளைக்குக் கூட ஒரு வருஷம் தாங்கும்.

ரெண்டாவது புள்ளைக்கு அண்ணன் அக்காவோடதைத்தான் போடப் போறீங்கன்னா ஏதாவது ஒண்ணு, ஒரு பெல்ட்டோ ஒரு சாக்ஸோ, அவனுக்குன்னு புதுசா வாங்குங்க. மொத நாள் அதைத்தான் அவன் எல்லாருக்கும் காட்டுவான்.

ஒருத்தர் போட்டதை வாங்கலாமா?

தாராளமா. யூனிஃபார்ம் அளவுக்கு நல்ல நெலைமையில வேற எந்தப் பழைய துணியும் கிடைக்காது, ஏன்னா கிழியறதுக்கு முன்னாடியே புள்ளைங்க வளர்ந்துடறாங்க. வாங்கறப்போ வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, உட்கார்ற இடத்துலயும் முட்டியிலயும் துணி நைஞ்சிருந்தா தெரிஞ்சுடும். காலர் மடிப்பு, அக்குள், ஜிப், இதெல்லாம் பாருங்க. பட்டன் இல்லங்கறதெல்லாம் ஒரு குறையே கிடையாது. ஷூ மட்டும் வேணாம், இன்னொரு புள்ளையோட கால் வாகுக்கு அது அமுங்கியிருக்கும், உங்க புள்ளைக்கு அது நடக்கவே கஷ்டமா இருக்கும். புதுசா வாங்கறப்போ விரல் நுனிக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், சாயங்காலமா போய் வாங்குங்க, பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

எங்க கிடைக்கும்னா, போன வருஷம் அந்த வகுப்பை முடிச்ச புள்ளைங்க வீட்லதான். ஸ்கூல் முடியற கடைசி வாரமே வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல கேட்டு வச்சுடுங்க, திறக்கிற வாரம் கேட்டா ஒண்ணும் மிஞ்சாது.

அரசாங்க உதவி எங்கெல்லாம் இருக்கு?

நாட்டுக்கு நாடு வேற மாதிரி. நம்ம மக்கள் நெறைய இருக்கற இடங்களைப் பத்தி மட்டும் எனக்கு நல்லாத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

இந்தியாவுல சமக்ர சிக்ஷா திட்டத்துல அரசு ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும் படிக்கிற எல்லாப் பொண்ணுங்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பையன்களுக்கும், வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்கற வீட்டுப் பையன்களுக்கும் வருஷத்துக்கு 2 செட் உண்டு. தமிழ்நாட்டுல அரசு ஸ்கூல், அரசு உதவி பெறும் ஸ்கூல் ரெண்டுலயும் 1ல இருந்து 8ம் வகுப்பு வரைக்கும் சத்துணவுத் திட்டத்துல பேர் இருக்கற புள்ளைங்களுக்கு 4 செட், அதை மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்துப் பெண்கள்தான் தைச்சுக் குடுக்கறாங்க. இதுல கவனிக்க வேண்டியது அந்த சத்துணவுங்கற வார்த்தையை. புள்ள வீட்ல இருந்து டப்பா கொண்டு போறான்னு பேர் குடுக்காம விட்டுட்டா துணியும் வராது. ஒன்பதாவது போனதும் இது நின்னுடும், அதுக்கு எட்டாவதுலயே கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வைங்க.

இலங்கையில அரசாங்கப் பாடசாலைப் புள்ளைங்களுக்கு 1993ல இருந்து சீருடைத் துணி இலவசம், 2025க்கான துணி முழுசையும் சீனா நன்கொடையா குடுத்துச்சு. துணிதான் வருது, தையல் கூலி உங்க கையில இருந்துதான், அதனால ரெண்டு மூணு வீடு சேர்ந்து ஒரே டெய்லர்கிட்ட மொத்தமா குடுத்தா கூலி பேசலாம்.

சிங்கப்பூர்ல கல்வி அமைச்சோட நிதி உதவித் திட்டத்துல தகுதி இருக்கற குடிமக்கள் புள்ளைங்களுக்கு யூனிஃபார்மும் பாடப்புத்தகமும் இலவசம். அங்க வீட்டு மொத்த வருமானத்தை மட்டும் பார்க்கறதில்ல, வீட்ல எத்தனை தலைன்னு வகுத்தும் பார்ப்பாங்க. பாட்டி தாத்தாவோட ஒண்ணா இருக்கற வீட்ல சம்பளத்தை மட்டும் பார்த்து நமக்குக் கிடைக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. மலேசியாவுல ஸ்கூல் தொடக்க உதவின்னு புள்ளைக்கு இவ்வளவுன்னு காசாவே தர்றாங்க, அதை இப்போ வருமானம் பார்க்காம குடுக்கறாங்க.

பிரிட்டன்ல ஒரே நாடுன்னு நெனைச்சு ஏமாறாதீங்க. ஸ்காட்லாந்துல உடைக்கான உதவித்தொகைக்கு 2018ல இருந்து நாடு முழுக்க ஒரு குறைந்தபட்சத் தொகை இருக்கு, வேல்ஸ்ல ஸ்கூல் எசென்ஷியல்ஸ் கிராண்ட் இருக்கு, வட அயர்லாந்துலயும் தனியா உண்டு. இங்கிலாந்துல மட்டும் நாடு தழுவின திட்டம் கிடையாது, கவுன்சிலைப் பொறுத்தது, பக்கத்துத் தெருவுக்குக் கிடைக்கறது உங்களுக்குக் கிடைக்காமப் போகலாம், அங்க கவுன்சில் இல்லன்னு சொன்னாலும் ஸ்கூல்ல தனியா கேட்டுப் பாருங்க. அயர்லாந்து குடியரசுல பேக் டு ஸ்கூல் குளோத்திங் அண்ட் ஃபுட்வேர் அலவன்ஸ்னு இருக்கு. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல ஸ்டேட் ஸ்கூல்ஸ் ரிலீஃப்னு ஒரு அமைப்பு 1930ல இருந்து இதே வேலையைப் பண்ணுது, ஆனா நீங்க நேரடியா அப்ளை பண்ண முடியாது, ஸ்கூல்தான் உங்களுக்காகக் கேக்கணும். கனடாவுல பெரும்பாலான பப்ளிக் ஸ்கூல்ல யூனிஃபார்மே இல்ல, டொராண்டோ பக்கம் கத்தோலிக்க ஹைஸ்கூல்ல சேர்க்கறவங்க மட்டும் இதைக் கணக்குல வச்சுக்கோங்க.

என்னென்ன பேப்பர் கேப்பாங்க?

வருமானச் சான்று, புள்ள படிக்கறதுக்கான சான்று, அடையாள அட்டை, பேங்க் பாஸ்புக். எல்லாம் இருந்தும் திரும்பி வர்றது எதனாலன்னா பேர்தான். ஒண்ணுல இனிஷியல் முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடி, ஆதார்லயோ பாஸ்போர்ட்லயோ ஒரு எழுத்து கூட இருக்கும். லீவுலயே எல்லாத்தையும் வரிசையா வச்சு ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பாருங்க. காசை நீங்க போட்டு வாங்கி அப்புறம் பில் காட்டித் திரும்ப வாங்கற திட்டமா, முன்னாடியே குடுக்கற திட்டமான்னு கேளுங்க, எதுவா இருந்தாலும் பில்லைத் தூக்கிப் போடாதீங்க. குடுக்கற பேப்பர் எல்லாத்தையும் ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துக்கோங்க, குடுத்த தேதியோட.

ஸ்கூலுக்கு லெட்டர் எப்படி எழுதறது?

சின்னதா எழுதுங்க. வீட்டுக் கஷ்டம் முழுசையும் கொட்டணும்னு அவசியம் இல்ல, என்ன வேணும்கறது தெளிவா இருக்கணும். நான் எழுதிக் குடுக்கறது இப்படித்தான்:

“மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, என் மகள் இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். எங்கள் குடும்ப வருமானம் குறைந்துள்ளதால் சீருடை முழுவதையும் இப்போது வாங்க இயலவில்லை. இரண்டு சட்டையும் ஒரு பாவாடையும் தேவைப்படுகின்றன. பள்ளியில் உதவி நிதியோ, பயன்படுத்திய சீருடையோ இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். இல்லையெனில் மூன்று தவணையில் செலுத்த அனுமதி வேண்டும். அதுவரை அவளை இருக்கும் உடையில் வகுப்பில் அனுமதிக்கவும், இதை மற்ற மாணவர்கள் அறியாமல் பார்த்துக்கொள்ளவும் கேட்டுக்கொள்கிறேன்.”

அந்தக் கடைசி வரியை விட்டுடாதீங்க.

அப்ளை பண்ணி கிடைக்கலன்னா?

ஏன்னு எழுத்துல கேளுங்க. தேதி தாண்டிடுச்சு, பேப்பர் குறையுதுங்கற மாதிரி காரணம்னா சரி பண்ணித் திரும்பக் குடுக்கலாம். போன வருஷ வருமானத்தைப் பார்த்து இல்லன்னு சொல்லியிருந்தா, நடுவுல வேலை போனது, பிரிஞ்சு வந்தது, வீட்ல ஒருத்தர் இறந்ததுன்னு என்ன நடந்துச்சோ அதைச் சொல்லித் திரும்பக் கேளுங்க.

கடன் வாங்கலாமா?

வட்டிக்கு வேணாம். புள்ள வளர்ந்து அந்தச் சட்டை பத்தாமப் போன பிறகும் வட்டி கட்டிட்டு இருந்தவங்களை எனக்குத் தெரியும். ஸ்கூல்ல தவணை கேளுங்க, கடையில தவணை கேளுங்க, ரெண்டும் இல்லன்னா ஒரு செட்டோட ஆரம்பிங்க. போன வருஷச் செலவைப் பன்னெண்டால வகுத்து மாசா மாசம் தனியா வைக்க முடிஞ்சா அடுத்த வருஷம் இந்தப் பாடு இருக்காது, எல்லா மாசமும் முடியாதுன்னு எனக்கும் தெரியும், முடிஞ்ச மாசம் வைங்க.

யூனிஃபார்ம் சரியா இல்லன்னு புள்ளையை வெளிய நிக்க வச்சுட்டாங்க. என்ன பண்றது?

என் ரெண்டாவது பையனை ஒரு நாள் பெல்ட் கலர் மாறிடுச்சுன்னு வராண்டாவுல நிக்க வச்சாங்க, கணக்குப் பீரியட் முழுக்க. வீட்டுக்கு வந்து சொல்லல, நாலு நாள் கழிச்சு வயித்து வலின்னு ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அழுதப்போதான் தெரிஞ்சுது. பெல்ட் வாங்காம தள்ளிப்போட்டது நான், நின்னது அவன். அதை நெனைச்சா இப்பவும் மனசு ஆறல.

அன்னைக்கே போங்க. மொதல்ல வகுப்பு ஆசிரியர்கிட்ட, சத்தம் போடாம, “வாங்கித் தர வேண்டியது நான், என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க, அவனை நிறுத்தாதீங்க”ன்னு சொல்லுங்க. கேக்கலன்னா தலைமையாசிரியருக்கு எழுத்துல குடுங்க, நகல் வச்சுக்கோங்க. இந்தியாவுல இருக்கறவங்களுக்கு, 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்தோட 17வது பிரிவு புள்ளைங்களை அடிக்கறதையும் மனசளவுல துன்புறுத்தறதையும் தடை பண்ணுது. எல்லார் முன்னாடியும் வெளிய நிக்க வைக்கறது மனசைத் துன்புறுத்தறதுலதான் சேரும்கறது என் கருத்து, லெட்டர்ல அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்க.

புள்ளைகிட்ட இதைப் பத்தி பேசணுமா?

ஏழு எட்டு வயசுக்கு மேலன்னா பேசுங்க. “இந்த மாசம் ஒரு செட், அடுத்த மாசம் இன்னொண்ணு”ன்னு தேதியோட சொன்னா புள்ளைங்க புரிஞ்சுக்கறாங்க. இல்ல இல்லன்னு மட்டும் சொல்லிட்டே இருந்தா அவங்களே பயந்து, ஸ்கூல்ல கேட்ட எதையும் வீட்ல சொல்லாம மறைக்க ஆரம்பிச்சுடுவாங்க. யாராவது கிண்டல் பண்ணாங்களான்னு நேரா கேக்காதீங்க, பக்கத்துல யார் உக்கார்றா, இன்டர்வெல்ல யார்கூட இருந்தன்னு கேட்டாலே தெரிஞ்சுடும்.

எங்களுக்கு வசதி இருக்கு, மத்த புள்ளைங்களுக்கு உதவணும். என்ன குடுக்கலாம்?

மொதல்ல ஒரு விஷயம், இது சின்ன உதவின்னு நெனைக்காதீங்க. மேற்கு கென்யாவுல 2003ல இருந்து 328 ஸ்கூல்கள்ல எஸ்தர் டஃப்ளோ, பாஸ்கலின் டுபாஸ், மைக்கேல் கிரெமர்னு மூணு பொருளாதார அறிஞர்கள் ஒரு ஆய்வு பண்ணாங்க. அதுல சில ஸ்கூல்ல ஆறாவது படிக்கிற புள்ளைங்களுக்கு இலவச யூனிஃபார்ம் குடுத்தாங்க. மூணு வருஷத்துல, படிப்பை நிறுத்தின பொண்ணுங்க 19 சதவீதமா இருந்த இடத்துல யூனிஃபார்ம் கிடைச்ச ஸ்கூல்ல 16 சதவீதம்தான், சின்ன வயசுலயே கல்யாணம், குழந்தைன்னு போனதும் குறைஞ்சிருந்துச்சு. யூனிஃபார்ம், அவ்வளவுதான் குடுத்தது.

குடுக்கறப்போ உங்களுக்குத் தோணுன சைஸ்ல வாங்கிட்டுப் போகாதீங்க, ஸ்கூல்ல கேட்டு அவங்க சொல்ற சைஸ்ல குடுங்க, பெரிய வகுப்பு சைஸ்தான் எப்பவும் பத்தாது. துவைச்சு, பட்டன் தைச்சுக் குடுங்க. உள்ளாடை, சாக்ஸ், ஷூ புதுசா குடுங்க. மேடை போட்டு, புள்ளையை நிக்க வச்சு ஃபோட்டோ எடுக்கறதா இருந்தா தயவு செஞ்சு குடுக்காதீங்க, ஆசிரியர் மூலமா பையில போட்டுக் குடுத்துடுங்க. திறக்கிற மாசம் எல்லாரும் குடுப்பாங்க, அரையாண்டு லீவு முடிஞ்சு திரும்பறப்போ பாதிப் புள்ளைங்களுக்குப் பேன்ட் கணுக்காலுக்கு மேல ஏறியிருக்கும், அப்போ ஒரு தடவை ஸ்கூலுக்கு ஃபோன் பண்ணி யாருக்கு என்ன வேணும்னு கேளுங்க.